ஒற்றைப்படை வருஷத்துக்கு விருந்து, இரட்டைப்படை வருஷத்துக்குக் கஞ்சி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் போன வருஷத்து ஃபுட்பால் அட்டவணை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையகலக் காந்த அட்டை. சீசன் டிக்கெட் வாங்குகிறவர்களுக்குப் பல்கலைக்கழகம் ஓசியில் அனுப்புவது. உள்ளூர் ஆட்டங்கள் கொட்டை எழுத்தில் இருக்கும், வெளியூர் ஆட்டங்கள் மெல்லிய எழுத்தில். நேற்று ராத்திரி இந்த வருஷத்து டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று இரண்டு அட்டவணைகளையும் வரிவரியாக ஒப்பிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

போன வருஷம் எங்கள் பரம வைரிகள் இரண்டு பேரும் கொட்டை எழுத்தில். இந்த வருஷம் இரண்டு பேரும் மெல்லிய எழுத்தில். 2025இல் இரண்டு பேரும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். 2026இல் அந்த இரண்டு ஊருக்கும் எங்கள் பையன்கள் போகிறார்கள். 2024இலும் இதே கதை. 2022இலும் இதே கதை. இரட்டைப்படை வருஷம் வந்தாலே எங்கள் ஸ்டேடியத்துக்கு ஏழரைதான்.

நான் பேசுவது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டுக்கு எதற்கு அந்தப் பெயர் என்று என்னைக் கேட்காதீர்கள். படிக்க வந்த முதல் வருஷமே நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ரூம்மேட் ஒரு சனிக்கிழமை இழுத்துக்கொண்டு போனான், அன்றைக்குப் பிடித்த பைத்தியம். படிப்பு முடிந்தது, அதே ஊரில் வேலை கிடைத்தது, பைத்தியம் மட்டும் தெளியவில்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. ஊருக்குள் நடமாட வேண்டும்.

கணக்கைச் சொல்கிறேன். ஒரு அணிக்கு சீசனில் 12 ஆட்டம். அதில் 9 ஆட்டம் எங்கள் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே. கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழக அணிகளின் கூட்டணி. ஒன்பதைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது. அதனால் ஒரு வருஷம் 5 உள்ளூர், 4 வெளியூர். மறுவருஷம் அப்படியே தலைகீழ். இதில் யார்மேலும் குற்றமில்லை. ஆனால் எந்த அணி எந்த வருஷம் வரும் என்பது இருக்கிறதே, அது யாரோ ஒரு ஆள் மேஜையில் உட்கார்ந்து போடுகிற கணக்கு. இந்த வருஷம் அவன் வந்தால் அடுத்த வருஷம் நாம் போக வேண்டும், அதுதான் முறை. இரண்டு வைரிகள் இருந்தால் ஒருத்தனை ஒற்றைப்படைக்கும் இன்னொருத்தனை இரட்டைப்படைக்கும் போட்டால் வருஷா வருஷம் எங்களுக்கு ஒரு விருந்து. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் இந்தக் கணக்கு. இவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு வருஷம் தலைவாழை இலை போட்டு வடை பாயசத்தோடு சாப்பாடு, மறுவருஷம் அதே இலையில் கஞ்சி. சாப்பாட்டுச் சீட்டு விலை மட்டும் இரண்டு வருஷமும் ஒன்று. தப்பு, இந்த வருஷம் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

டிக்கெட் விலையோடு போனால்கூடப் பரவாயில்லை. நல்ல இடத்தில் உட்கார வேண்டுமென்றால் தனியாக 'நன்கொடை' கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் கிடையாது. ஆனால் அதற்குப் பெயர் நன்கொடை. 2017 வரைக்குமாவது அதில் 80 சதவீதத்தை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 2018இலிருந்து அதுவும் போச்சு. சரி, கஞ்சி ஊற்றுகிற வருஷம் மட்டும் விட்டுவிடலாமே என்கிறீர்களா? விட்டால் சீட்டும் போய்விடும். பதினோரு வருஷமாகப் புள்ளி சேர்த்து, மூலையில் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் இருந்த இடத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து மைதானத்தின் நடுவை ஒட்டிய 40 கஜக் கோட்டுக்கு நேராக வந்திருக்கிறேன். ஒரு வருஷம் கட்டாவிட்டால் மறுபடி கொடிக்கம்பம்.

எங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன். மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் ரசிகர்கள் பட்டதைப் படித்த பிறகு கொஞ்சம் ஆறுதல். அவர்களுக்கும் இரண்டு வைரிகள்: உள்மாநிலத்து மிச்சிகன் ஸ்டேட், பக்கத்து மாநிலத்து ஒஹாயோ ஸ்டேட். அந்தக் காலத்தில் அழகாகப் பிரிந்திருந்தது. இரட்டைப்படை வருஷம் மிச்சிகன் ஸ்டேட், மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பருக்கு வரும், ஒற்றைப்படை வருஷம் ஒஹாயோ ஸ்டேட் வரும். 2014இல் மேரிலாந்தும் ரட்கர்ஸும் பிக் டென் கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. அட்டவணையைக் கலைத்து அடுக்கினார்கள். அடுக்கிய வேகத்தில் மிச்சிகன் அணி 2013இலும் மிச்சிகன் ஸ்டேட்டின் ஊரான ஈஸ்ட் லான்சிங்குக்குப் போனது, 2014இலும் அங்கேயே போனது. இரண்டு வருஷம் அடுத்தடுத்து எதிராளி வீட்டில்! அன்றோடு இரண்டு வைரிகளும் ஒற்றைப்படைப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த 2014 சீசன் இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கே அழுகை வரும். மிச்சிகன் ஸ்டேட் வெளியூர். ஒஹாயோ ஸ்டேட் வெளியூர். போதாக்குறைக்கு நோட்டர் டேமும் வெளியூர், அதில் 31-0 என்று உதை வேறு. ஒரு லட்சத்துக்கு மேல் ஆள் உட்காரும் ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் யார் தெரியுமா? அப்பலாச்சியன் ஸ்டேட், ஒஹாயோவிலிருக்கும் மயாமி, யூட்டா, மினசோட்டா, பென் ஸ்டேட், இண்டியானா, மேரிலாந்து. பென் ஸ்டேட் ஒன்றைத் தவிர மற்றதற்கெல்லாம் யார் குடும்பத்தோடு கிளம்பிப் போவார்கள்? அந்த செப்டம்பரில் இரண்டு கோக் வாங்கினால் மினசோட்டா ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் என்று கடையில் விளம்பரமே வந்தது. ஊர் சிரித்ததும் அவசரமாக எடுத்துவிட்டார்கள். முழு விலை கொடுத்து, நன்கொடையும் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்?

இந்த முடிச்சை அவிழ்க்க அவர்களுக்கு 2019 வரை ஆனது. பதிலுக்குப் பதில் என்று மிச்சிகன் ஸ்டேட்டை 2019, 2020 இரண்டு வருஷமும் ஆன் ஆர்பருக்கே வரவைத்தார்கள். நியாயம்தானே? அங்கேதான் விதி சிரித்தது. 2020 கொரோனா வருஷம். பிக் டென் ஸ்டேடியங்களுக்குள் பொதுமக்கள் யாரையும் விடவில்லை. ஆறு வருஷம் காத்திருந்து வாங்கிய ஆட்டம் காலி பெஞ்சுகளுக்கு முன்னால் நடந்தது. அதிலும் 27-24 என்று தோற்றார்கள். வாயும் வயிறும் வேறு என்பார்கள், இங்கே இலை போட்டும் பந்தியில் உட்கார ஆளில்லை.

எங்களுக்கு அந்தப் பரிகாரம்கூட இன்னும் நடக்கவில்லை.

இதைவிட என் வயிற்றெரிச்சல் வேறொன்று. இரட்டைப்படை வருஷம் எங்களுக்குக் கான்ஃபரன்ஸ் உள்ளூர் ஆட்டம் நாலுதான். எந்தப் பெரிய பல்கலைக்கழகமானாலும் வருஷத்துக்கு ஏழு உள்ளூர் ஆட்டமாவது வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கும். அதில்தான் பார்க்கிங் காசு, தீனிக் காசு, எல்லாக் காசும். ஆக வெளி அணிகளோடு ஆடும் மூன்று ஆட்டமும் இங்கேயே நடந்தாக வேண்டும். சரி, அந்த மூன்றில் ஒன்றையாவது நல்ல அணியாகப் போடலாம் அல்லவா? போட்டிருந்தார்கள்! பல வருஷத்துக்கு முன்னாலேயே கையெழுத்தான ஒப்பந்தம், இந்த வருஷம் அவர்கள் இங்கே, அடுத்த வருஷம் நாங்கள் அங்கே. நான் அதை நம்பித்தான் 2024ஐ ஓட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊரே வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில், நாலு வரி அறிக்கை. 'பரஸ்பர சம்மதத்துடன்' ரத்தாம். என் சம்மதத்தை எவன் கேட்டான்?

இது இப்போது எல்லா ஊரிலும் ஃபேஷன். 2026, 2027இல் டென்னசியோடு ஆடுவதாக இருந்த தொடரை நெப்ராஸ்கா 2025இல் ரத்து செய்தது. ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கிறோம், உள்ளூர் ஆட்டம் கூடுதலாக வேண்டும் என்று காரணம். பதிலுக்கு வருவது பௌலிங் கிரீன், மயாமி ஒஹாயோ மாதிரி சின்ன அணிகள். ஃப்ளோரிடாவைக் கேளுங்கள்: 1991இல் சிரக்யூஸில் போய் ஆடியதோடு சரி, கான்ஃபரன்ஸுக்கு வெளியே உள்ள ஒரு அணியின் சொந்த மைதானத்தில் ஆட மாநில எல்லையைத் தாண்டியது 2023இல் யூட்டாவுக்குத்தான். 32 வருஷம் வீட்டுக் கோழியாகவே இருந்திருக்கிறார்கள்.

அந்தச் சின்ன அணிகள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பலியாடு என்று கேலி பேசுகிறவர்களைக் கண்டால்தான் கோபம். காசு வாங்கிக்கொண்டு உதை வாங்க வருகிறார்கள், அந்தக் காசில்தான் அவர்கள் கல்லூரியில் மற்ற விளையாட்டெல்லாம் நடக்கிறது. சில சமயம் ஆடு திரும்பி முட்டும். 2007இல் அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்தது. 34-32 என்று தோற்றது. 2024இல் நார்தர்ன் இல்லினாய் 14 லட்சம் டாலரையும் வாங்கிக்கொண்டு நோட்டர் டேமை 16-14 என்று அடித்துவிட்டுப் போனது. அன்றைக்கு நான் வீட்டில் எழுந்து நின்று கைதட்டினேன். ஆனால் அது பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. மற்ற சனிக்கிழமைகள் எல்லாம், இண்டியானா அதே 2024இல் வெஸ்டர்ன் இல்லினாயை 77-3 என்று அடித்த ரகம். செப்டம்பர் வெயிலில், கொதிக்கிற அலுமினிய பெஞ்சில், இரண்டாம் பாதியில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? எனக்குப் பக்கத்துச் சீட்டுத் தாத்தா உட்கார்ந்திருப்பார். குறுக்கெழுத்துப் போட்டி போட்டுக்கொண்டு.

தேதிதான் இப்படி, நேரமாவது தெரியுமா? தெரியாது. காந்த அட்டையில் முக்கால்வாசி ஆட்டத்துக்கு நேரம் இருக்கிற இடத்தில் 'பின்னர் அறிவிக்கப்படும்'. டிவிக்காரர்கள் 12 நாளைக்கு முன்னால் சொல்வார்கள். சில ஆட்டத்துக்கு அதுவும் கிடையாது, 6 நாளைக்கு முன்னால்தான். பகல் 12 மணியா, மூன்றரையா, ராத்திரி ஏழரையா?

அமெரிக்காவில் தமிழ்ச் சங்கத் தீபாவளி எந்தக் கிழமையில் வந்தாலும் சனிக்கிழமைதான் வரும். போன வருஷம் சங்கத்து அக்கா ஒருவர் போன் பண்ணினார். "தம்பி, சாம்பார் அண்டா தூக்க ஆள் வேணும். வர்றீங்களா, இல்லையா?"

"பன்னெண்டு நாளைக்கு முன்னாடி சொல்றேன்க்கா."

"ஏன், அதுக்குள்ள என்ன தெரியப்போகுது?"

"ஆட்டம் மத்தியானமா ராத்திரியான்னு தெரியும்."

"முகூர்த்த நேரம் போடாம பத்திரிகை அடிச்ச மாதிரில்ல இருக்கு!"

பன்னிரண்டாம் நாள் வந்தது, அறிவிப்பு வரவில்லை. ஆறாம் நாள் காலையில்தான் சொன்னார்கள்: ராத்திரி ஏழரை. வைரியோடு ஆட்டம். நாலு மணிக்கு அண்டா தூக்கி, ஐந்து மணிக்குக் குழந்தைகள் நடனத்தில் முதல் இரண்டு பாட்டு பார்த்து, அக்காவின் முறைப்பை முதுகில் வாங்கிக்கொண்டு, பட்டு வேட்டிக்கு மேல் அணி ஜாக்கெட் போட்டு ஸ்டேடியத்துக்கு ஓடினேன். தாத்தா என் வேட்டியை மேலும் கீழும் பார்த்தார். "இது நம்ம அணிக் கலர் இல்லையே" என்றார். குளிர் வேட்டிக்குள் ஏறி முழங்காலைத் தொட்டது. ஆனாலும் சொல்கிறேன், அப்படிப்பட்ட ராத்திரிக்காகத்தான் இந்தப் பணமெல்லாம். அது இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை என்பதுதான் என் வழக்கு.

"அவங்க ஊருக்குப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்று வீட்டில் யோசனை சொன்னாள். வெளியூர் ரசிகனுக்கு ஒதுக்குவது மேலே கூரை ஓரத்தில் ஒரு துண்டு இடம், அதுவும் அதிக நன்கொடை கொடுத்தவனுக்கு முதலில். ஆட்டத்து வாரம் ஓட்டல்காரன் இரண்டு ராத்திரிக்குக் குறைந்து அறை தரமாட்டான். எங்களுக்காவது காரில் போகிற தூரம். 2024இல் மேற்குக் கரை அணிகள் பிக் டென்னில் சேர்ந்த பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பையன்கள் கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கு நியூ ஜெர்சி வரை பறக்கிறார்கள். அந்தப் பக்கம் தெற்கே, 2012இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் வந்து சேர்ந்ததிலிருந்து ஜார்ஜியாவும் அவர்களும் ஒரே கான்ஃபரன்ஸ். 2025 சீசன் முடியும்வரை டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் ஊரான காலேஜ் ஸ்டேஷனில் இரண்டு அணிகளும் ஒரு கான்ஃபரன்ஸ் ஆட்டம்கூட ஆடவில்லை. சுற்று முறையாம். பதினாலு சீசனில் ஒரு தடவை வந்து சேராத சுற்று.

டெக்சஸும் ஓக்லஹோமாவும் பரவாயில்லை. டாலஸில் மாநிலப் பொருட்காட்சி நடக்கும்போது காட்டன் பவுல் மைதானத்தில் பாதி ஸ்டேடியம் உனக்கு, பாதி எனக்கு என்று வருஷா வருஷம் மோதுகிறார்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படை வம்பே இல்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். சீட்டையும் விட வேண்டாம், பணத்திலும் பாதி மிச்சம். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் இதே பல்கலைக்கழகத்தில் படித்தவர், வெகுநாளாக டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு வருஷம் என்று முறை போட்டுக்கொள்ளலாமா என்று இன்று காலை கேட்டேன். உற்சாகமாகத் தலையாட்டினார். போனில் அட்டவணையைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"தாராளமா. ஒற்றைப்படை வருஷம் எனக்கு."