பச்சை ஜோடி ஏன் பிரிந்து உட்கார்கிறது?

டெலிகாம் - நெட்வொர்க்கிங் டிப்ளமோ சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, இந்தப் பழைய டெலிபோன் பாடமெல்லாம் இப்ப எதுக்கு? நேரா ரவுட்டர், ஸ்விட்ச்னு போயிடலாமே?" நானும் படிக்கும்போது இதையேதான் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். என் வாயை அடைத்தது ஒரு கேபிள்.

முதல் லேபில் கேட்-5ஈ என்ற நெட்வொர்க் கேபிளை உரித்து, முனையில் ஆர்ஜே-45 என்ற எட்டுப் பின் கனெக்டர் போடச் சொன்னார்கள். உள்ளே எட்டுக் கம்பி, ஒரே நிறத்தவை இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. கனெக்டரில் அவற்றை அடுக்கும் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மந்திரம் மாதிரி ஒப்பித்தோம். பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீலத்தை உட்காரவைப்பது எனக்கு அபத்தமாகப் பட்டது. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடுக்கி, கனெக்டரை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப்) விட்டேன். கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. ஒரே பெருமை!

இரண்டு மீட்டர் துண்டில் எல்லாம் ஓடியது. அதே மாதிரி நாற்பது மீட்டர் கேபிள் செய்து மாட்டினால் லிங்க் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஃபைல் காப்பி ஆமையாய் நகர்கிறது. அரை நாள் ஐபி முகவரியையும் ஸ்விட்ச் போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கேபிள் மேல் சந்தேகமே வரவில்லை, டெஸ்டர்தான் சரி என்று சொல்லிவிட்டதே.

அந்த எளிய டெஸ்டர் பார்ப்பது கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்பதை மட்டும்தான். இந்தக் கேபிளில் ஓடும் ஈதர்நெட்டுக்கு 1, 2-ஆம் பின்கள் ஒரு ஜோடி, 3, 6-ஆம் பின்கள் இன்னொரு ஜோடி. முறுக்கிய இரண்டு கம்பியிலும் வெளி இரைச்சல் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறும். ரிசீவர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அந்த இரைச்சல் கழிந்துவிடும். என் கேபிளில் 3-ஆம் பின் பச்சை ஜோடியிலும் 6-ஆம் பின் நீல ஜோடியிலும் கிடந்தன. முறுக்கு இருந்தும் பயனில்லை. இப்படி ஜோடி பிரிந்துபோவதை ஸ்ப்ளிட் பேர் என்பார்கள்.

சரி, 3-6 என்று ஏன் தள்ளித் தள்ளி வைத்தார்கள்? டெலிபோன் பிளக்கில் முதல் லைனுக்கு நடு இரண்டு பின்கள், அடுத்த லைன் அதற்கு இருபுறமும். எட்டுப் பின் கனெக்டரில் நடு என்றால் 4-5, அதைச் சுற்றி 3-6. நெட்வொர்க் லேபில் என்னை அலைக்கழித்த கேள்விக்கு விடை, நான் தூங்கி வழிந்த டெலிபோன் வகுப்பில் இருந்திருக்கிறது.

இது ஒன்று மட்டுமில்லை. பழைய டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் பாடத்தில் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து (சாம்பிள்), ஒவ்வொன்றும் 8 பிட், ஆக நொடிக்கு 64 கிலோபிட் என்று வரும். இன்று நெட்வொர்க் வழியாகப் பேசும் ஐபி போனில், குரலை எண்ணாக்கும் ஜி.711 கோடெக் வைத்தாலும் அதே 64தான். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதில் 160 பைட் குரல், பாக்கெட்டின் முகவரி விவரங்களைச் சுமக்கும் ஐபி-யூடிபி-ஆர்டிபி ஹெட்டர் 40 பைட். கணக்குப் போட்டால் ஒரு திசைக்கு நொடிக்கு 80 கிலோபிட், ஈதர்நெட் சுமை தனி. இந்தக் கணக்குப் புரியாமல், போனில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று கூடுதல் பேண்ட்வித் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டெசிபலும் அப்படித்தான். ஒளி ஓடும் ஃபைபர் கேபிளில் 3 டெசிபல் போனால் பாதி ஒளி போய்விட்டது என்று மனதில் பதியாதவர் கையில் ஒளியை அளக்கும் பவர் மீட்டர் கொடுத்து என்ன பயன்?

கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் சிமுலேட்டரை நான் குறை சொல்லவில்லை. இருபது ரவுட்டர் வாங்கித் தர எல்லாக் கல்லூரியாலும் முடியாது, ரவுட்டிங் பழக அது நல்ல வழி. ஆனால் நாமாகக் கெடுக்காதவரை அங்கே எதுவும் கெடாது. ஃபைபர் முனையில் தூசி ஒட்டாது. என்னைக் கேட்டால், லேப் தேர்வில், நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்காகப் பிரிக்கும் ஓஎஸ்ஐ மாதிரியை ஒப்பி என்று வாய்மொழித் தேர்வு நடத்துவதற்குப் பதில், ஒளித்துவைத்த மூன்று பழுதுகளோடு ஒரு நெட்வொர்க்கைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் டீ குடிக்கப் போய்விட வேண்டும்.

இவ்வளவையும் தம்பியிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணா, அந்த டெலிபோன் பேப்பர்ல அரியர் வைக்காம தப்பிக்க என்ன வழி?" என்றார். அதை என்னிடம் கேட்கிறாரே, நானே இரண்டாம் முறை எழுதித்தான் பாஸ்.