சூடைக்குச் சூடு

(இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில், அக்கா நடத்தும் மின்சாமான் கடை. வெளியே மழை.)

தம்பி: அக்கா, ஹீட்டருக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டும். வயர் மட்டும் நீளமாக இருக்கட்டும்.

அக்கா: எத்தனை பேர் குளிக்க வேண்டும்?

தம்பி: குளிப்பாட்டியெல்லாம் முடிந்துவிட்டது அக்கா, இனிக் காய வேண்டியதுதான். பத்துக் கிலோ இருக்கும்.

அக்கா: ஆட்களை எடை போட்டா சொல்கிறீர்கள்?

தம்பி: ஆட்கள் இல்லை அக்கா, சூடை மீன். உப்புப் போட்டு அலசி வைத்த மீன் ஐந்து நாளாக வெயிலைப் பார்க்கவில்லை. டெல்லியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மச்சான், அங்கே குளிருக்கு வைத்திருந்த ரூம் ஹீட்டரை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். கொடி கட்டி மீனைத் தொங்கவிட்டு, அடியில் ஹீட்டரை வைத்திருக்கிறேன்.

அக்கா: மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்குகிற நம் மண்டபம் ஊரில், சூடைக்குச் சூடு போடுகிற முதல் ஆள் நீங்கள்தான். அந்த ஹீட்டரில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது?

தம்பி: 2000 என்று இருக்கிறது. இரண்டு கம்பியும் நன்றாகச் சிவக்கின்றன.

அக்கா: 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர் வரும். நீங்கள் கேட்கிற பெட்டி 6 ஆம்பியருக்குச் செய்தது. இதை நான் கொடுக்க மாட்டேன்.

தம்பி: மூன்றுதானே அக்கா கூடுதல், ஒன்றும் ஆகாது.

(அக்கா, தனக்குள்: இந்த "ஒன்றும் ஆகாது" என்ற சொல்லை, கருகிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதே அளவில் புதிய பிளக் கேட்டு நின்ற ஒருவரிடமிருந்தும் நான் கேட்டிருக்கிறேன்.)

அக்கா: ஆறு பேர் ஏறுகிற வள்ளத்தில் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவீர்களா?

தம்பி: போயிருக்கிறோமே.

அக்கா: உங்களிடம் உவமை சொன்னது என் தவறு. கணக்காகவே சொல்கிறேன்: மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் வயரில் எழும் சூடு ஒன்றரை மடங்கோடு நிற்காது, இரண்டே கால் மடங்காகும். போதாததற்கு, நம் ஊர் உப்புக்காற்றில் பிளக்கின் பித்தளை முனைகள் பச்சை பூத்து, துளைக்குள் சரியாகப் பதியாமல், அந்த இடத்திலேயே தனியாகச் சூடேறும். நீளமான வயர் வேறு கேட்கிறீர்கள். மிச்சத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவீர்கள், சுருட்டிய வயரின் சூடு வெளியேறவும் வழி இருக்காது.

தம்பி: கட்டிலுக்கு அடியில் இல்லை அக்கா, பாய்க்கு அடியில்.

அக்கா: நல்லது. ஹீட்டரைச் சுவரில் இருக்கும் பவர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும்.

தம்பி: எங்கள் வீட்டில் பவர் பிளக் இல்லை. ஹீட்டரின் பெரிய பின்கள் சிறிய துளையில் நுழையாததால், அதன் வயரை வெட்டிச் சிறிய பிளக் மாட்டிவிட்டேன். மூன்றாவது வயர் எதற்கென்று தெரியாததால் அதை மடக்கி டேப் சுற்றிவிட்டேன்.

அக்கா: அதுதான் எர்த் வயர், தம்பி.

தம்பி: எங்கள் தெரு மண்ணே உப்பு மண், அக்கா. அதற்கு மேல் எர்த் எதற்கு?

அக்கா: மண்ணில் எத்தனை மூட்டை உப்பு இருந்தாலும், அந்த மண்ணுக்கும் உங்கள் ஹீட்டரின் தகரத்துக்கும் நடுவில் ஒரு கம்பி ஓடினால்தான் எர்த். அது இல்லாமல் மின்சாரம் தகரத்துக்கு வந்தால், ஈரக் கையோடு மீனைத் திருப்பிப் போடுகிற ஆள்தான் அந்தக் கம்பி. வீட்டில் ஃபியூஸ் போகவில்லையா?

தம்பி: மூன்று தடவை போயிற்று. அதனால்தான் நல்ல தடிமனான செம்புக் கம்பியாகப் பார்த்துச் சுற்றிவிட்டேன். அதன் பிறகு போகவே இல்லை.

அக்கா: குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, திருட்டுப் பயம் தீர்ந்தது என்கிறீர்கள். இது போகட்டும், பூனை வளர்க்கிறீர்களா?

தம்பி: நாங்கள் வளர்க்கவில்லை. மீன் தொங்கவிட்டதிலிருந்து நான்கு வருகின்றன.

அக்கா: நான்கில் ஒன்று தாவிக் கொடி அறுந்தால், எண்ணெய்ப் பசையுள்ள சூடை சிவந்த கம்பியின் மேல் விழும். எரிகிற எந்தப் பொருளும் ஹீட்டரிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்க வேண்டும். துணி காயப்போடுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். சாய்ந்தால் தானாக அணைகிற விசையாவது அதில் இருக்கிறதா?

தம்பி: மச்சான் அப்படி எதுவும் சொல்லவில்லை. அக்கா, எங்கள் வீடு 1964 புயலுக்கே அசையாமல் நின்ற வீடு. ஒரு ஹீட்டர் என்ன செய்துவிடும்?

அக்கா: புயலை நீங்கள் பிளக்கில் மாட்டி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. போன வருடம் வாசலுக்கு இரும்புக் கேட் போட்டு, அதில் இரண்டு மயில் வைத்தீர்களே, எவ்வளவு ஆயிற்று?

தம்பி: நாற்பதாயிரம். ஒரு மயிலுக்கு மட்டும்...

அக்கா: அதில் ஒரு மயிலின் காசு இருந்தால், தடிமனான வயர் இழுத்து ஒரு பவர் பிளக்கும், எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்துகிற ஆர்.சி.சி.பி.யும் போட்டிருக்கலாம். தெருவில் போகிறவர்கள் ஆர்.சி.சி.பி.யைப் பார்த்துப் பாராட்ட மாட்டார்கள் என்பது உண்மைதான்.

தம்பி: கோபப்படாதீர்கள் அக்கா. இராத்திரி முழுவதும் ஓடினால் நாளைக்குக் காய்ந்துவிடும். அதற்குப் பிறகு ஹீட்டரைத் தொடவே மாட்டேன்.

அக்கா: இராத்திரி முழுவதும் யார் பார்த்துக்கொள்வார்கள்?

தம்பி: அம்மா அந்த அறையில்தான் படுத்திருப்பார்.

அக்கா: தூங்காமலா?

தம்பி: தூங்குவார். காது கொஞ்சம் கேட்காது.

(அக்கா பேசவில்லை. டெஸ்டரையும் ஸ்க்ரூ டிரைவரையும் ஃபியூஸ் கம்பிச் சுருளையும் பைக்குள் போட்டுக்கொண்டு, ஷட்டரைப் பாதி இறக்கினார்.)

தம்பி: இந்த மழையில் எங்கே போகிறீர்கள்?

அக்கா: உங்கள் வீட்டுக்கு. அந்தச் செம்புக் கம்பியை என் கையால் கழற்றினால்தான் எனக்குத் தூக்கம் வரும். வண்டியை எடுங்கள்.

தம்பி: அப்படியென்றால் சூடை?

அக்கா: நாற்றம் வந்ததைக் கொட்டிவிடுங்கள். இன்று புதிதாகப் பிடித்தது இருந்தால் அம்மாவிடம் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். நானும் இன்னும் சாப்பிடவில்லை.