கிரியேட்டினின் நார்மல், சரி. யூரினில் அல்புமின் பார்த்தீர்களா?

பிபி மாத்திரை ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. வருடம் தவறாமல் ரத்தப் பரிசோதனை உண்டு. ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு டாக்டர் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்வார்: "கிரியேட்டினின் 1.0. கிட்னிக்கு ஒன்றுமில்லை." நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்து, சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்று குறை சொல்வேன். போன வருடம் வேறொரு டாக்டரிடம் போக நேர்ந்தது. "யூரினில் அல்புமின் பார்த்திருக்கிறீர்களா?" என்றார். அல்புமின் ரத்தத்தில் இருக்க வேண்டிய ஒரு புரதம், கிட்னியின் வடிகட்டி கசிந்தால் யூரினில் வரும். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்தோம். ஏசிஆர் (அல்புமின்-கிரியேட்டினின் விகிதம்) 86.

ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் அல்புமின் சிறுநீரில் போகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. 30-க்குக் கீழே இருக்க வேண்டும். 300-ஐத் தாண்டினால் கசிவு கடுமை. நான் நடுவில் நின்றேன்.

"யூரின் டெஸ்டில் புரோட்டீன் நில் என்றுதானே இருந்தது?" என்று நானும் கேட்டேன். சாதாரண யூரின் டெஸ்டில் நனைத்துப் பார்க்கும் பட்டைக்கு இந்த அளவுக் கசிவு பெரும்பாலும் தெரியாது. நிறைய ஒழுகினால்தான் அது நிறம் மாறும்.

கிரியேட்டினின் கதை இன்னும் மோசம். அது தசையிலிருந்து வரும் கழிவு, கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டும் அலகுகள். அவற்றில் ஒரு பகுதி செத்தாலும் மிச்சமிருப்பவை அதன் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிடும். வடிகட்டும் திறன் கிட்டத்தட்ட பாதி போன பிறகுதான் பலருக்கு எண் கோட்டைத் தாண்டும். அந்த 1.0 எல்லோருக்கும் ஒரே 1.0 அல்ல. 2021-இல் வந்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 25 வயது ஆணுக்கு ஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் திறனின் அளவு) 107 வருகிறது, 70 வயதுப் பெண்ணுக்கு 60-ஐ ஒட்டி நிற்கிறது. லேப் தாளில் இரண்டு பேருக்கும் நார்மல்! தசை குறைந்தவர்களுக்குச் சிஸ்டேட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை கொஞ்சம் நேர்மையாகப் பேசும். தைராய்டு கோளாறோ ஸ்டீராய்டு மாத்திரையோ இருந்தால் அதுவும் தடுமாறும்.

உப்பு இதில் எங்கே வருகிறது? உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வடிகட்டிக்குள் நுழையும் நுண்ணிய ரத்தக் குழாய், வெளியே அழுத்தம் ஏறும்போது தானே சுருங்கி உள்ளே அது பாயாமல் தடுக்க வேண்டும். உப்பு சாப்பிட்டால் பிபி எகிறும் உடல்வாகு உள்ளவர்களிடம் அந்தத் தடுப்பு சரியாக வேலை செய்வதில்லை. அழுத்தம் நேராக வடிகட்டிமேல் விழுகிறது, சல்லடைக் கண்கள் நெகிழ்கின்றன, அல்புமின் நழுவுகிறது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. யூரினில் நுரை வருவதெல்லாம் பெரும்பாலும் கசிவு நிறைய ஆன பிறகுதான்.

1827-இல் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். அல்புமின் இருந்தால் உறைந்து வெண்மையாகும். ஏறக்குறைய 200 வருடத்துக்கு முன்பே கரண்டியில் பார்த்த பொருளை, பிபி நோயாளியிடம் தேட நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? அமெரிக்க இதய அமைப்புகளின் 2017 வழிகாட்டுதலில் இந்தப் பரிசோதனை 'விரும்பினால் செய்யலாம்' பட்டியலில்தான் இருந்தது. பிபி உள்ள எல்லோருக்கும் செய்யுங்கள் என்று 2025-இல்தான் மாற்றினார்கள். ஆகவே என் பழைய டாக்டர்மீது முழுப்பழியும் போட மனம் வரவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு.

என் கருத்து இதுதான்: பிபி என்று உறுதியான அன்றே ஏசிஆர் எழுத வேண்டும், அப்புறம் வருடா வருடம். டாக்டர் எழுதவில்லையென்றால் நாமே கேட்க வேண்டும். ஊசிகூடக் கிடையாது, ஒரு சின்னக் குப்பி யூரின் போதும். ஒன்று மட்டும்: ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, யூரின் தொற்று, மாதவிடாய் எல்லாமே எண்ணை ஏற்றிவிடும். காலையின் முதல் சிறுநீரில் மறுபடி பார்த்து, மூன்று மாதம் கழித்தும் 30-க்கு மேலேயே இருந்தால்தான் கணக்கு. எனக்கு இரண்டாம் முறை 71 வந்தது. சந்தேகம் தீர்ந்தது.

இப்போது பாக்கெட்டுகளின் பின்பக்கம் படிக்கிறேன். சோடியம் அளவை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள். முதல் வாரக் கணக்கைப் பார்த்து எனக்கே வெட்கம். 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கலாமா என்று கேட்டதற்கு டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். அதில் பொட்டாசியம் இருக்கும், கிட்னி பலவீனமானவர்களுக்கும் சிலவகை பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ரத்தத்தில் தேங்கலாம்.

மாத்திரையையும் மாற்றினார். வடிகட்டியின் உள்ளழுத்தத்தைக் குறைக்கும் வகை அது. கடைசி ஏசிஆர் 41. கிரியேட்டினின் 1.1 ஆகியிருக்கிறது, உள்ளழுத்தம் குறைந்தால் அது சற்று ஏறுவது எதிர்பார்த்ததுதானாம். வீட்டில் அந்த 1.1-ஐப் பார்த்துத்தான் எல்லோரும் பயந்தார்கள்.