தண்ணீர் வராது என்று யாரிடம் சொன்னீர்கள்?

இன்று காலை நாலரை மணிக்கே எங்கள் ஆச்சி எழுந்து பைப்படியில் ஏழு குடத்தை வரிசையாக வைத்துவிட்டாள். எழுபத்தெட்டு வயது. ஏழு மணி வரை குத்தவைத்துக் காத்திருந்தாள். குழாயில் காற்றுகூட வரவில்லை. அப்புறம்தான் எதிர் வீட்டு மைனி வந்து, "ஆச்சி, இன்னைக்குத் தண்ணி வராதாம்லா, பேஸ்புக்குல போட்டிருக்காவ" என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஊர் உள்ளாட்சி நிர்வாகத்தின் பக்கத்தில் நேற்று ராத்திரி 11.40-க்குப் போட்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு படம். மேலே முத்திரை, இரண்டு பக்கமும் பெரிய மனிதர்களின் முகம், அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி. விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்து கலங்கிவிடுகிறது.

தண்ணீர் வராததற்கு எனக்குக் கோபம் இல்லை. ஆற்று உறைகிணற்றில் மோட்டார் பழுதாகும், வழியில் குழாய் உடையும், சரி. பைப்படியில் காத்துக் கிடக்கிறவளிடம் சொல்லாமல், "பதிவிட்டுவிட்டோம்" என்று கணக்குக் காட்டுகிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எழுத்தை எழுத்தாகப் போட்டால் என்ன? படத்துக்குள் அடைத்துவிட்டால் பார்வையற்றவர்களின் போன் அதைச் சரியாக வாசித்துக் காட்டாது. பார்வையற்ற பிள்ளைகளுக்கு நூறு வருஷத்துக்கு மேலாகப் பள்ளி நடக்கிற பாளையங்கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. இங்கேயே இந்த நினைப்பு இல்லையென்றால் எங்கே இருக்கும்?

"எப்போது வரும்?" என்று கீழே முப்பது பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் கேட்டேன். எல்லாருக்கும் ஒரே பதில்: "உங்கள் புகார் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது." ஐயா, நான் புகார் சொல்லவில்லை. எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுவீர்கள் என்றுதான் கேட்டேன். அதே பக்கத்தில் திறப்பு விழாப் படங்கள் மட்டும் விழா முடிவதற்குள் பன்னிரண்டு வந்துவிடுகின்றன.

2023 டிசம்பர் 17, 18 யாருக்காவது மறந்திருக்குமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. கரண்ட் போச்சு, டவர் போச்சு, கையிலிருந்த போன் வெறும் கல். எங்கள் தெருவில் கதவைத் தட்டி ஆட்களை எழுப்பியது பக்கத்துத் தெருப் பையன்கள். அவ்வளவு பட்ட பிறகும் எல்லாச் செய்தியையும் போனிலேயே போட்டுவிட்டுப் படுக்கப் போனால் எப்படி?

2022-ல் தண்டோரா வேண்டாம் என்று அரசு சொன்னது நியாயமான காரியம். ஒரு மனிதன் கழுத்தில் பறையை மாட்டித் தெருத்தெருவாக அலையவிட்டது ஒழிய வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பதிலாக வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்றும் அப்போதே சொன்னார்களே, அந்த வண்டி எங்கே? வரி கட்டச் சொல்வதற்கு மட்டும் எங்கள் தெருவுக்கு மைக் கட்டிய ஆட்டோ வருகிறது. நேற்றுச் சாயங்காலம் அதே ஆட்டோ ஒரு சுற்று வந்திருந்தால் ஆச்சி தூங்கியிருப்பாள்.

ஏழு குடத்தையும் காலியாகவே உள்ளே எடுத்து வைத்துவிட்டு, "நாளைக்காவது வருமாய்யா?" என்று கேட்கிறாள். போன் என் கையில்தான் இருக்கிறது. தேதி போட்டிருக்கிற இடத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தும் 6-ஆ 8-ஆ என்று தெரியவில்லை.