வின்சென்டை விட்டுவிடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஐந்து நாளாக எல்லாருடைய பக்கத்திலும் அந்த இரண்டு நிமிடக் காணொளிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பேசும் எழுத்தாளர், மாத்திரை போட்டிருந்தால் ஓவியர் வின்சென்ட் வான்கோ என்று ஒருவர் நமக்குக் கிடைத்திருக்கவே மாட்டார், பைத்தியம்தான் அந்த நட்சத்திரங்களை வரைந்தது என்று சொல்லி நிறுத்துகிறார். அரங்கமே கை தட்டுகிறது. தட்டியவர்களில் எனக்குத் தெரிந்த முகங்கள் மூன்று நான்கு இருக்கின்றன. பேசியவர்மீது எனக்கு எந்த விரோதமும் கிடையாது, அவருடைய கதைகளைத் தேடிப் படித்தவன் நான். எனக்கு வலித்தது அந்தக் கைதட்டல்.

பைத்தியம் எதையும் வரையவில்லை. வின்சென்ட் வரைந்தார். நோய் முற்றிய நாட்களில் அவரால் வரைய முடியவில்லை. இதைத்தான் நான் சொல்ல வந்தேன், இதையேதான் கீழே வேறு வேறு விதமாகச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 'நட்சத்திர இரவு' படத்தையே எடுத்துக்கொள்வோம். 1889 மே 8 அன்று வின்சென்ட் தானே சம்மதித்து, தெற்குப் பிரான்சில் சான் ரெமி என்ற ஊரில், பழைய மடாலயக் கட்டடத்தில் நடந்துவந்த மனநல விடுதியில் சேர்ந்தார். கிழக்கு பார்த்த அறை. ஜன்னலில் இரும்புக் கம்பி. விடிவதற்கு முன்னால் அந்த ஜன்னல் வழியே விடிவெள்ளி மிகப் பெரிதாகத் தெரிந்தது என்று தம்பி தியோவுக்கு எழுதினார். ஜூன் மாதத்தில், தெளிவாக இருந்த நாட்களில், கீழ்த்தளத்தில் வேலைக்கென்று கொடுத்திருந்த இன்னொரு அறையில் நின்று அந்தப் படத்தை வரைந்தார். ஜன்னலில் கம்பி இருந்தது, படத்தில் கம்பி கிடையாது. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் ஊர் தெரியாது, படத்தில் ஊர் இருக்கிறது, நடுவே அவர் பிறந்த ஹாலந்துப் பக்கத்துத் தேவாலயம் மாதிரி ஒரு கோபுரமும் இருக்கிறது. எதை விட வேண்டும், எதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று ஒரு மனிதர் நிதானமாக முடிவு செய்திருக்கிறார். அந்த நிதானத்தைப் பைத்தியம் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

அடுத்த மாதமே நோய் திரும்ப வந்தது. ஜூலை நடுவில் வெளியே காற்றில் நின்று ஒரு கல்குவாரியை வரைந்துகொண்டிருந்தபோது ஆரம்பித்தது. ஒரு மாதத்துக்கு மேல் அவரால் வேலை செய்ய முடியவில்லை. ஆகஸ்டு கடைசியில் தியோவுக்கு எழுதிய கடிதத்தில் எழுதுவதே சிரமமாக இருக்கிறது என்கிறார். தரையில் கிடந்த அசுத்தத்தையெல்லாம் எடுத்துத் தின்றிருக்கிறேன் போலிருக்கிறது, அந்த நேரத்து நினைவு சரியாக இல்லை என்கிறார். தொண்டை வீங்கி நாட்கணக்கில் சாப்பிட முடியவில்லை. அந்தச் சமயங்களில் அவர் பெயிண்டையே வாயில் வைத்ததால், விடுதி மருத்துவர் பெய்ரோன் பெயிண்டும் தூரிகையும் அவர் கைக்குக் கிடைக்காமல் செய்தார். சந்தோஷம் வேண்டி மஞ்சள் பெயிண்டைச் சாப்பிட்டார் என்று அழகான எழுத்தில், பூப்படம் போட்டுப் பகிர்கிறோமே, அது இதுதான். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஒரு நோயாளி விஷத்தை விழுங்கியது. அதை இனியாவது பகிராதீர்கள்.

தெளிந்ததும் அவர் கேட்டது மறுபடி வரைய விடுங்கள் என்பதைத்தான். ஒரு வருடத்தில் அங்கே ஏறத்தாழ 150 படங்கள். பெரும்பாலும் அவை நோய் ஒரு தடவை வந்து போனதற்கும் அடுத்த தடவை வருவதற்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் செய்த வேலை.

வேலை என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறேன். 1880இல், 27 வயதில்தான் அவர் ஓவியராவது என்று முடிவெடுக்கிறார். பெல்ஜியத்தின் சுரங்கப் பகுதியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, சார்ல் பார்க் என்பவர் தயாரித்த ஓவியப் பாடத் தாள்களைப் பள்ளிப் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பப் பார்த்து வரைகிறார். 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்துக்காக ஒரு குளிர்காலம் முழுக்க உழவர்களின் முகங்களை மட்டும் ஏறத்தாழ நாற்பது வரைந்து பழகுகிறார். பத்து வருடத்தில் 800க்கு மேல் எண்ணெய் ஓவியங்கள். இந்த உழைப்பைப் பற்றி அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு வார்த்தை இல்லை. பேசியவர் காதை மட்டும் சொன்னார். காதலிக்காகக் காதை அறுத்துக் கொடுத்தவர் என்று சொன்னதும் சிரிப்பு.

காதலி யாரும் அங்கே இல்லை. 1888 டிசம்பர் 23 இரவு, ஆர்ல் நகரத்தில், கூடத் தங்கியிருந்த ஓவியர் கோகனோடு சண்டை வந்து, மனம் முற்றிலும் நிலைகுலைந்த நேரத்தில் நடந்தது அது. மறுநாள் காலையில் ரத்தம் வடிந்து மயங்கிக் கிடந்தவரைப் போலீஸ்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

சரி, வின்சென்டே இதைப் பற்றி என்ன சொன்னார் என்றாவது கேட்போம். இந்தச் சனியன் பிடித்த நோய் மட்டும் இல்லாமல் வேலை செய்ய முடிந்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பேன் என்று 1890இல் தம்பிக்கு எழுதியிருக்கிறார். இன்னொரு கடிதத்தில், சாகலாம் என்று தண்ணீரில் இறங்கியவன், தண்ணீர் சில்லென்று இருப்பதைப் பார்த்து மறுபடி கரையைப் பிடிக்கப் பார்ப்பது மாதிரி நான் குணமாகப் பார்க்கிறேன் என்கிறார். அவர் கரைக்கு வரத்தான் பார்த்தார். நாம் 130 வருடம் கழித்து, நீ தண்ணீரிலேயே இருந்ததுதான் அழகு என்று கை தட்டுகிறோம்.

பேசியவர் உவமையாகச் சொன்னார், உனக்குக் கவிதை புரியவில்லை என்று இரண்டு பேர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார்கள். மாத்திரை என்று அவர் சொன்னது மாத்திரையைத்தான். இதற்கு மேல் அவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

வின்சென்டுக்கு என்ன நோய் என்றே தீர்மானமாகவில்லை, நீ மட்டும் எப்படிப் பேசலாம் என்று ஒரு மருத்துவ நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆர்லில் பார்த்த இளம் டாக்டர் பெலிக்ஸ் ரே ஒரு வகை வலிப்பு நோய் என்றார், பெய்ரோனும் அதையே எழுதினார். பிற்காலத்தில் இருமுனைக் கோளாறு, அதாவது அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய் என்றார்கள், குடியை நிறுத்தியதால் வந்த சித்தப் பிரமையும் சேர்ந்தது என்றார்கள். செத்துப்போனவரை யாரும் பரிசோதிக்க முடியாது. ஆனால் பெயர் எதுவாக இருந்தாலும் அது முற்றியபோது அவர் கை ஓடவில்லை. அதற்குக் கடிதங்களே சாட்சி.

எனக்கு இது கடிதம் படித்துத் தெரிந்த விஷயம் மட்டும் இல்லை.

என் சித்தப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். பிளெக்ஸ் வருவதற்கு முந்தின காலம். எங்கள் ஊர்க் கடைவீதியில் பாதிப் பெயர்ப் பலகைகள் அவர் எழுதியவை. நீலப் பொடி தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டி விட்டால் பலகையில் நேர்கோடு விழும். ஒரு முனையைப் பிடிப்பது என் வேலை. 'ழ' எழுதும்போது மட்டும் பேசக் கூடாது. பிரஷை எடுக்காமல் ஒரே இழுப்பில் சுழித்துக் கீழே கொண்டுவந்து நிறுத்துவார். அப்புறம்தான் மூச்சு விடுவார்.

1994இல் ஒரு ஜவுளிக் கடைப் பலகைக்கு முன்பணம் வாங்கியிருந்தார். அவுட்லைன் போட்டாகிவிட்டது. அப்போது ஆரம்பித்தது. மூன்று நாள் தூக்கம் இல்லை, பேச்சு நிற்கவில்லை. எழுத்துக்குள் நிரப்ப வேண்டிய சிவப்பு எழுத்தைத் தாண்டிப் போனது, பலகையைத் தாண்டி எங்கள் வீட்டுச் சுவருக்குப் போனது, நள்ளிரவில் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் போனது. அந்தச் சுவரில் நட்சத்திரங்கள் எதுவும் இல்லை. ஒரு எழுத்துகூட உருப்படியாக இல்லை. அதற்கப்புறம் மாதக்கணக்கில் படுத்தே கிடந்தார். மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டுவைத்த பிரஷ்கள், எண்ணெய் வற்றி, முடி கல்லாக இறுகிப்போய் நின்றன. சித்தி ஒன்றை எடுத்துத் தட்டினாள், குச்சி மாதிரி சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கெங்கோ அழைத்துக்கொண்டு போனோம். கயிறு கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள். கடைசியில்தான் ஆஸ்பத்திரி. லித்தியம் என்ற மாத்திரை கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் யாரும் சொல்லாமல் தானே எழுந்து அந்த ஜவுளிக் கடைப் பலகையை வெயிலில் சாத்தி வைத்துத் துடைத்தார்.

மருந்து கலைஞனை மழுக்கிவிடும் என்பவர்களுக்கு நான் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்குக் கை நடுங்கியது. எழுத்து வேலை செய்பவருக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. 'ழ'வின் கால் கோணலாகப் போய் நின்றதைப் பார்த்து அவர் அழுததை நான் பார்த்தேன். ஆகவே அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் போய்ச் சொன்னோம். ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் குறைத்தார். நடுக்கம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. இடது கையில் ஒரு கோலை ஊன்றி அதன்மேல் வலது கையைத் தாங்கி எழுதப் பழகிக்கொண்டார். அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் எழுதினார். அந்தப் பத்து வருடத்தை மாத்திரைதான் கொடுத்தது. 1889இல் வின்சென்டுக்குக் கிடைத்த வைத்தியம் என்ன தெரியுமா? வாரத்துக்கு இரண்டு தடவை, இரண்டிரண்டு மணி நேரம் தொட்டித் தண்ணீரில் உட்கார வைத்தார்கள். 37 வயதில் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார்.

இன்னொரு பெயரும் சொல்கிறேன். வில். வின்சென்டின் தங்கை வில்லமினா. அண்ணனோடு நிறையக் கடிதம் எழுதிக்கொண்டவர், 1898இல் ஹேக் நகரில் நடந்த பெண்கள் உழைப்புக் கண்காட்சிக்காக உழைத்தவர். 1902இல் மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். 1941இல் அங்கேயே இறந்தார். கிட்டத்தட்ட நாற்பது வருடம். பைத்தியம் படம் வரையும் என்றால் வில்லின் படங்கள் எங்கே? அவரைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை, கை தட்ட அங்கே ஒன்றும் கிடைக்காது.

காது சம்பவத்துக்கு அப்புறம் ஆர்லில் நடந்ததையும் நாம் பேசுவதில்லை. 1889 பிப்ரவரி கடைசியில் அக்கம்பக்கத்தார் ஏறத்தாழ முப்பது பேர் கையெழுத்துப் போட்டு, இந்த ஆளை அடைத்து வையுங்கள் என்று மேயருக்கு மனு கொடுத்தார்கள். போலீஸ் வந்து அவர் குடியிருந்த மஞ்சள் வீட்டைப் பூட்டியது. நோயாளியான ஒரு தனி மனிதனுக்கு எதிராக இத்தனை பேர் கூடுவார்களா, நெஞ்சில் சம்மட்டியால் அடித்த மாதிரி இருந்தது என்று தம்பிக்கு எழுதினார். சான் ரெமிக்குப் போனதும் எழுதிய கடிதமோ வேறு மாதிரி இருக்கிறது. இங்கே சிலர் ஊளையிடுகிறார்கள், ஆனால் ஒருவருக்கொருவர் அன்பாக இருக்கிறார்கள், ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவர்கள் உதவுகிறார்கள் என்கிறார். பைத்தியமும் மற்ற நோய்களைப் போல ஒரு நோய்தான் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன் என்கிறார். அந்த விடுதிக்குள் அவருக்குப் புரிந்தது நம் அரங்கத்துக்குள் இன்னும் புரியவில்லை.

எங்கள் தெருவிலும் கையெழுத்து வாங்கினார்கள். சித்தப்பா வீட்டு உரிமையாளர் அந்தத் தாளோடு வந்து நின்றார். முதல் கையெழுத்து, யாருடைய கடைக்குச் சித்தப்பா காசு வாங்காமல் போர்டு எழுதிக் கொடுத்தாரோ அவருடையது. சித்தி அந்தத் தாளை வாங்கி ஒவ்வொரு பெயராகப் படித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாதமே காலி செய்தார்கள். அந்தத் தெருவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் படிக்கட்டும், எனக்குக் கவலையில்லை.

இதையெல்லாம் நான் எழுதாமலே இருந்திருப்பேன். அந்தக் காணொளி எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கும் வந்துவிட்டது. யார் அனுப்பினார்களோ, கெட்ட எண்ணத்தில் அனுப்பியிருக்க மாட்டார்கள். சித்தப்பாவுக்கு இப்போது 68 வயது. புதன்கிழமை ராத்திரி எனக்கு போன் செய்தார். எப்போதும் போல சாப்பிட்டாயா என்று கேட்டார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "ஏண்டா, நான் மாத்திரை போடாம இருந்திருந்தா பெரிய ஆளா வந்திருப்பனோ?" என்று கேட்டார்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இல்லை சித்தப்பா, அந்தச் சுவரை நான் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? உங்கள் 'ழ' தான் பெரிசு, அதை நீங்கள் தெளிவாக இருந்தபோதுதான் எழுதினீர்கள் என்று ஏதோ சொன்னேன். சரி சரி என்றார். வைத்துவிட்டார்.

அந்தக் காணொளியைப் பகிர்ந்திருக்கும் நண்பர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். உங்களைச் சங்கடப்படுத்த இதைக் கேட்கவில்லை. உங்கள் நட்புப் பட்டியலில் யார் இந்த வாரம் மாத்திரையை நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பேசவாவது யாராவது வேண்டும் என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இரவு பகல் எப்போதும் ஆள் இருக்கிறார்கள், காசு கிடையாது.

இன்று காலையில் சித்தி போன் செய்தாள். நேற்று ராத்திரியும் முந்தாநாள் ராத்திரியும் மாத்திரை போட்டுக்கொண்டதாகத்தான் அவர் சொல்கிறாராம். அட்டையை எண்ணிப் பார்த்தாளாம், இரண்டு மாத்திரை கூடுதலாக இருக்கிறது. நான் மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன்.