சிறகு முளைத்த சனியன்

"உங்களுக்குத் திருகத் தெரியவில்லை, தம்பி."

இன்று காலை ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடை முதலாளி என் முகத்துக்கு நேரே சொன்னது இது. பத்தொன்பது வருடமாகத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கிறேன். ரோலருக்கும் டிரையருக்கும் நான் முறுக்கிய நட்டுகளைக் கோத்தால் கொட்டகலை வரை மாலை போடலாம். எனக்குத் திருகத் தெரியவில்லையாம்! ஆணி வாங்க வந்து நின்ற ஒருவர் வேறு, "அதற்கெல்லாம் ஒரு கைப்பக்குவம் வேண்டும்" என்று தலையாட்டினார். அவர் யார், அவருக்கும் இந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

வழக்குப் பொருள் கண்ணாடி மேசையில் கிடந்தது. பளபளவென்று முலாம் பூசிய கோர்க் ஸ்குரூ. தலையில் ஒரு வளையம், இரண்டு பக்கமும் இரண்டு சிறகு. சிறகைத் தூக்கிவிட்டால் பொலிஸைக் கண்டு கையுயர்த்திய ஆளைப் போல நிற்கும். விலை 2,450 ரூபாய். வைன் போத்தலின் தக்கையைப் பிடுங்குவது ஒன்றுதான் அதற்கு உள்ள வேலை. அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தது.

நத்தாருக்கு இரண்டு நாள் முன்னால் அதே கடையில்தான் வாங்கினேன். கோர்க் ஸ்குரூ என்று கேட்டேன். கடைப் பையன் உள்ளே போய் இரண்டு அங்குல மர ஸ்குரூ ஒரு பெட்டி கொண்டுவந்தான். "வைன் போத்தல் திறக்கிற சாமான்" என்றேன். சோடா மூடி திறக்கிற தகட்டைக் கொண்டுவந்தான். "தக்கை, தம்பி, தக்கை!" என்று கத்தினேன். "அது எதிரே மருந்துக் கடையில் கிடைக்கும்" என்றான். கடைசியில் முதலாளியே எழுந்து, சாமியறையைத் திறப்பதுபோல் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, இந்தச் சிறகு முளைத்த சனியனை எடுத்து வைத்தார். "ஃபாரின் சாமான். ஆயுசுக்கும் வரும்." ஆமாம், வரும். எடுத்துப்போன பையிலேயே திரும்பிக் கடைக்கும் வரும்.

நத்தார் இரவு. பாரிஸிலிருந்து வந்த மச்சான் மூன்று ஜம்பருக்குள் சுற்றிக் கொண்டுவந்த சிவப்பு வைன். லயத்துக் காம்பராவில் அம்மா, சித்தப்பா, அக்கா, அக்காவின் பிள்ளைகள், கேக் வெட்டக் கத்தியோடு காத்திருக்கும் என் மனைவி. எல்லோர் கண்ணும் என் கையில். போத்தலை மேசையில் நிறுத்தினேன். சனியனை அதன் கழுத்தில் மாட்டினேன். ஒரு திருகு. சிறகு மெல்ல அசைந்தது. இரண்டாவது திருகு. சிறகு இன்னும் உயர்ந்தது, சின்னவள் கைதட்டினாள். மூன்று, நான்கு. இரண்டு சிறகும் தலைக்கு மேலே போய்விட்டன. சித்தப்பா கிளாஸை நீட்டிவிட்டார். நான் இரண்டு கையாலும் சிறகுகளைக் கீழே அழுத்தினேன்.

'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஸ்குரூ மட்டும் தனியாக மேலே வந்தது, மரத்தூள் பூசிக்கொண்டு. தக்கை இம்மிகூட நகரவில்லை. நடுவில் மட்டும் சிங்கமலை ரயில் சுரங்கம் மாதிரி ஒரு ஓட்டை.

மறுபடி திருகினேன். ஓட்டை பெரிதானது. கொஞ்சம் சாய்த்துத் திருகினேன். தக்கையின் மேல்பாதி பிட்டு போல உதிர்ந்தது. இந்த நேரம் பார்த்து அம்மா வாயைத் திறந்தார்: "உன் தாத்தா பங்களாவில் அப்புவாக இருந்தபோது ஒரு கட்டைப் பிடியும் ஒரு வளைந்த கம்பியும் வைத்துக்கொண்டு துரைக்கு எத்தனை போத்தல் திறந்திருப்பார்!" தாத்தா நல்லவர்தான். ஆனால் அந்த நேரத்தில் அவரை யார் அழைத்தது?

அக்கா மகன் கைப்பேசியில் வழி கண்டுபிடித்தான். போத்தலின் அடியைச் சப்பாத்துக்குள் வைத்துச் சுவரில் இடித்தால் தக்கை தானாக வெளியே வருமாம். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே இடிக்கிறார். அவருக்குக் கற்சுவர், தனி வீடு. லயத்துச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. நாலாவது இடியில் அடுத்த காம்பரா அக்கா கதவைத் தட்டி, "நத்தார் ராத்திரியில் அப்படி என்ன ஆணி அடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். கேக் ஒரு துண்டு கொடுத்து அனுப்பிவைத்தோம்.

மிஞ்சிய தக்கையை அகப்பைக் காம்பால் உள்ளே தள்ளினேன். அது போகும்போது சும்மா போகவில்லை. உள்ளே இருந்த வைன் ஊற்றுபோல எழும்பி, பூசைக்குப் போட்டுப்போன என் வெள்ளைச் சட்டையில் பாய்ந்தது. மிச்சத்தில் தக்கைத் தூள் மிதந்தது. தேத்தண்ணீர் வடிகட்டியில் வடித்து ஆளுக்கு அரை கிளாஸ் குடித்தோம். அம்மா ஒரு மிடறு குடித்து முகம் சுளித்து, "புளித்துப்போய்விட்டதே, இஞ்சி பியர் இல்லையா?" என்றார்.

நத்தாருக்கு மறுநாள், நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் பரிமாறும் என் பள்ளிக்கூடச் சிநேகிதன் வந்தான். சனியனைக் கையில் வாங்கினான். சிறகைத் தொடக்கூட இல்லை. நடுக்கம்பியை மட்டும் பார்த்துவிட்டு, "ஒரு தீக்குச்சி எடு" என்றான். அவனுடைய சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தி மாதிரி மடிந்த ஒன்றை எடுத்தான். அதன் கம்பி பன்றிவால் போலச் சுருண்டிருந்தது. சுருளின் நடுவே வெற்றிடம். தீக்குச்சி அதற்குள் வழுக்கிக்கொண்டு போனது. என்னுடையதில் குச்சி போக இடமே இல்லை. நடுவில் தடித்த தண்டு, அதைச் சுற்றி ஸ்குரூ மரை. "அது துளை போடுகிற சாமான், மச்சான், பிடிக்கிற சாமான் இல்லை" என்றான்.

பத்தொன்பது வருட ஃபிட்டருக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது. சுமார் 24 மில்லிமீற்றர் அகலமான தக்கையை நசுக்கி 18 மில்லிமீற்றர் சொச்சம் உள்ள கழுத்துக்குள் திணித்திருக்கிறார்கள். அது கண்ணாடியை விடாமல் கவ்விக்கொண்டிருக்கும். அதை இழுக்க வேண்டுமென்றால் சுருள் தக்கையின் சதைக்குள் நுழைந்து கொடிபோலப் பின்னிக்கொள்ள வேண்டும். தமரூசி மாதிரி நடுவில் குடைந்தால் தூள்தான் வரும். சிறகு பத்து வைத்தாலும் தூள்தான்.

அந்தத் தக்கையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. போத்துக்கலில் தக்கைக்குப் பட்டை தருகிற ஓக் மரத்தை நட்டு, முதல் பட்டை உரிக்கவே இருபத்தைந்து வருடம் போல ஆகும். பிறகு ஒன்பது வருடத்துக்கு ஒருமுறைதான் உரிப்பார்கள். மூன்றாவது உரிப்பில்தான் போத்தலுக்கு ஏற்ற பட்டை வரும். நாற்பது வருடம் காத்திருந்து வந்த பொருளை நான் ஒன்றரை நிமிடத்தில் பிட்டாக்கினேன்.

சிநேகிதன் வைத்திருப்பது ஒன்றும் புது விஞ்ஞானம் இல்லை. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் முதன்முதலாக வியாபாரத்துக்குத் தேயிலை நட்டது 1867. அதற்குப் பதினைந்தே வருடத்தில், 1882 இல், ஜெர்மனியில் கார்ல் வீன்கே என்பவர் அந்த மடிப்புக் கோர்க் ஸ்குரூவுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஒரு சுருள், ஒரு நெம்புகோல், ஒரு சின்னக் கத்தி. இப்போது நெம்புகோலில் இரண்டு படி வைத்து வருகிறது: முதல் படியில் தக்கை பாதி எழும்பும், இரண்டாவதில் முழுதும் வரும். அவ்வளவுதான் மனிதனுக்குத் தேவை. அதைக் கேட்டு இந்த வாரம் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் பற்றரி போட்டது காட்டினார்கள். இன்னொன்றில் முயல் காது வைத்தது. மூன்றாவதில், "அந்தப் பழைய மாடல் இப்போது யார் கேட்கிறார்கள்?" நான்தான் கேட்கிறேன், ஐயா! உங்கள் முன்னால் நிற்கிறேனே, தெரியவில்லையா?

இதையெல்லாம் இன்று காலை கடையில் சொன்னேன். தீக்குச்சியையும் காட்டினேன். முதலாளி குச்சியை வாங்கி, நிதானமாகப் பல் குத்திக்கொண்டே, "விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை" என்ற பலகையைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அந்தத் திருகத் தெரியாத வாசகம்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி நான் சொன்ன எதையும் கேட்கவில்லை. "கடை வரை போனீர்களே, வடிகட்டி வாங்கினீர்களா?" என்றாள். நத்தாருக்கு வைன் வடித்த அந்த வடிகட்டியின் வலை, வளையத்தை விட்டுக் கழன்று தொங்குகிறது. இந்த வருடத்தில் இது நாலாவது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலை, நான் சம்பளம் வாங்குவது தேயிலையில், ஆனால் மூன்று மாதம் தாங்குகிற ஒரு வடிகட்டி இந்த ஊரில் இல்லை. இதையும் அதே கடையில்தான் வாங்கினேன். அப்போதும் அவர், "ஆயுசுக்கும் வரும்" என்றுதான் சொன்னார்.