கோல்ஃப் செய்தியில் நிலம் எங்கே?

கோல்ஃப் பற்றி முகநூலில் நீளமாக எழுதப் போகிறேன் என்றதும் ஒரு நண்பன் கேட்டான், "என்ன மச்சான், லொத்தர் விழுந்திட்டுதோ?" இல்லை. நான் ஒருநாளும் அந்தக் கோலைக் கையில் எடுத்ததில்லை, எடுக்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தவன். அந்த நாட்களிலிருந்தே இந்த விளையாட்டை நாங்கள் எழுதுகிற விதத்தைப் பற்றி ஓர் ஆற்றாமை மனதில் கிடக்கிறது. இன்று கொட்டிவிடுகிறேன்.

கோல்ஃப் செய்தி எங்களிடம் எப்படி வரும் தெரியுமா? அனுசரணை நிறுவனத்தின் மக்கள் தொடர்பு ஆட்கள் ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் அனுப்புவார்கள். கூடவே ஒரு படம். வென்றவர், அவர் கையில் கதவளவு அட்டைக் காசோலை, இரு பக்கமும் கழுத்துப்பட்டி கட்டிய முகாமையாளர்கள். கிரிக்கெட்டும் பாடசாலை ரக்பியும் போக மிஞ்சுகிற இடத்துக்கு ஏற்றபடி மொழிபெயர்த்து வெட்டுவோம். முதலில் வெட்டுப்படுவது மைதானத்தைப் பற்றிய வரி. கடைசிவரை வெட்டுப்படாதது அனுசரணையாளரின் பெயர்.

இது கோல்ஃபுக்குச் செய்கிற பெரிய அநியாயம். ஏனென்றால் மற்ற விளையாட்டுகளில் நிலம் ஓரளவுக்கு ஒன்றுதான். காற்பந்துத் திடல் யாழ்ப்பாணத்திலும் அதே செவ்வகம், லண்டனிலும் அதே செவ்வகம். கோல்ஃபில் அப்படியில்லை. அங்கே ஆட்டக்காரனுக்கு எதிராக விளையாடுவதே நிலம்தான். அந்த நிலத்தை ஒருவர் யோசித்து, வரைந்து, வெட்டி, மேடாக்கி வைத்திருக்கிறார். அவரைப் பற்றி ஒரு வரி இல்லாமல் போட்டிச் செய்தி எழுதுவது, எதிரணியின் பெயரைச் சொல்லாமல் கிரிக்கெட் ஸ்கோர் போடுவது மாதிரி.

ஒரு துளை எப்படி யோசிக்கப்படுகிறது என்று பாருங்கள். (கோல்ஃபில் முதல் அடி அடிக்கிற இடத்திலிருந்து பந்து போய் விழுகிற துளை வரையான நிலம் முழுவதையுமே 'துளை' என்பார்கள்.) நீங்கள் முதல் அடி அடிக்கிற இடத்தில் நிற்கிறீர்கள். எதிரே அகலமான புல்தரை. வலப்பக்கம், பந்து போய் விழக்கூடிய தூரத்தில், ஒரு மணற்குழி. தூரத்தே கிரீன், அதாவது துளை இருக்கிற மழித்த புல்வெளி. அது உங்களை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. சற்றுத் திரும்பி வலப்பக்கத்துக்கு முகம் காட்டிக்கொண்டிருக்கிறது. அதன் இடது முன்மூலையில் இன்னொரு குழி. பயந்தவர் முதல் அடியை இடப்பக்கம் போடுவார். அவருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அடுத்த அடி அந்த மூலைக்குழிக்கு மேலால் பறந்தாக வேண்டும். துணிந்தவர் வலப்பக்கக் குழியை உரசினாற்போல் போடுவார். தப்பினால் அவருக்கு முன்னால் வாசல் அகலத் திறந்திருக்கும். தண்டனையும் பரிசும் ஒரே இடத்தில். இவ்வளவையும் ஒருவர் ஒரு தாளில் வரைந்து, பிறகு மண்ணில் செய்து வைத்திருக்கிறார். இதை விளங்கிக்கொள்ள நீங்கள் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. தாயம் விளையாடத் தெரிந்தவருக்கும் விளங்கும்.

பத்திரிகைக்கும் மைதான வடிவமைப்புக்கும் ஒரு காலத்தில் நெருங்கிய உறவு இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1914இல் இங்கிலாந்தில் 'கன்ட்ரி லைஃப்' சஞ்சிகை ஒரு போட்டி வைத்தது. சிறந்த ஒரு துளையை வரைந்து அனுப்புங்கள் என்றார்கள். வென்றவர் அலிஸ்டர் மெக்கென்சி என்ற வைத்தியர். தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் படை மருத்துவராக இருந்தபோது எதிரிகள் பதுங்குகுழிகளை நிலத்தோடு நிலமாக மறைத்த வித்தையைப் பார்த்து வியந்தவர். குழியை எப்படி வெட்டினால் இயற்கையாகக் கிடந்தது மாதிரித் தெரியும் என்ற பாடத்தை அங்கிருந்துதான் கொண்டுவந்தார். அவர்தான் பிறகு அமெரிக்க கோல்ஃப் நட்சத்திரம் பொபி ஜோன்ஸுடன் சேர்ந்து அமெரிக்காவின் அகஸ்டா நஷனல் மைதானத்தை வரைந்தார். அந்தப் போட்டியின் நடுவர்களில் ஒருவர் பெர்னார்ட் டார்வின். பரிணாமக் கொள்கை டார்வினின் பேரன்தான். 1907 முதல் 1953 வரை 'தி டைம்ஸ்' பத்திரிகைக்குக் கோல்ஃப் எழுதியவர். யார் வென்றார் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், மேட்டையும் பள்ளத்தையும் காற்றையும் பற்றி எழுதி அதற்கென்று வாசகர்களை உண்டாக்கியவர்.

எங்கள் ஊருக்கும் அந்தத் தொடர்பு வந்திருக்கிறது. கண்டிக்குப் பக்கத்தில், திகனையில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் 1999இல் திறந்த மைதானத்தை வடிவமைத்தவர் டொனல்ட் ஸ்டீல். இந்த மனிதர் நீண்ட காலம் லண்டன் 'சண்டே டெலிகிராஃப்' பத்திரிகையின் கோல்ஃப் நிருபர். 1970இல் ஓபன் என்ற பிரித்தானியாவின் பெரிய போட்டியிலும் ஆடியிருக்கிறார். எழுதியவர், ஆடியவர், பிறகு மண்ணையும் வெட்டியவர். ஒரு நிருபர் வரைந்த மைதானம் நம் நாட்டில் இருக்கிறது, நம் நிருபர்கள் அங்கே போய் வென்றவரின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அந்த நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரியும். சுற்றுலாக் கட்டுரைகளில் அந்த நீர் வெறும் "ரம்மியமான பின்னணி".

சரி, கொழும்புக்கு வருவோம். களனிவெளி ரயிலில் போகிறவர்களுக்கு நான் சொல்லப்போகும் இடம் தெரியும். பேஸ்லைன் வீதி நிலையம் கழிந்து கோட்டா வீதி வருவதற்கு முன், சுவர்களும் தகரக் கூரைகளும் திடீரென்று விலகி, இரண்டு பக்கமும் பச்சையாகத் திறந்துவிடும். அதுதான் ரோயல் கொழும்பு கோல்ஃப் கிளப். தண்டவாளம் மைதானத்தை ஊடறுத்துப் போகிறது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகிற அலுவலகக் கூட்டமும், கோலை ஊன்றிக்கொண்டு ரயில் கடக்கட்டும் என்று நிற்கிற ஆட்டக்காரரும் சில விநாடிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்தில் பை தூக்கும் கேடி மட்டும் ரயிலைப் பார்க்கமாட்டார். பந்து கிடக்கிற இடத்திலேயே கண்ணாக இருப்பார்.

கிளப் 1879இல் தொடங்கியது. ஆரம்பத்தில் ஆடியது காலிமுகத்திடலில். பிறகு 1896இல் பொரளைப் பக்கம் வந்து, ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயரை மைதானத்துக்கு வைத்தார்கள். ரயில் அதற்குச் சில வருடங்கள் பிந்தித்தான் வந்தது. முதலில் ஒடுங்கிய பாதை, 1990களில் அகலமாக்கினார்கள். நகரத்தின் ஒரு போக்குவரத்துப் பாதை ஒரு விளையாட்டுக்கு நடுவால் போவதும், அந்த விளையாட்டு அதற்கு ஏற்றபடி ஒதுங்கிக்கொள்வதும் வடிவமைப்புப் பற்றி எழுதுகிறவருக்கு அல்வா மாதிரி விஷயம்.

ஸ்கொட்லாந்தில் பிரெஸ்ட்விக் என்று ஒரு மைதானம். 1860இல் முதலாவது ஓபன் போட்டி நடந்த இடம். அதன் முதல் துளைக்கே 'ரயில்வே' என்றுதான் பெயர். வலப்பக்கம் மதில், மதிலுக்கு அப்பால் தண்டவாளம். அந்த ஒரு துளையைப் பற்றி உலகம் முழுக்க எழுதித் தள்ளியிருக்கிறார்கள். மதில் எப்படிப் பயமுறுத்துகிறது, நிதானமானவர் எங்கே போடுவார் என்று ஒவ்வோர் அங்குலமாக. இங்கே ரயில் மைதானத்துக்குள்ளேயே ஓடுகிறது. நம்மவர்கள் எழுதினால் "வினோதமான அம்சம்" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும்.

உடனே வெள்ளைக்காரனுடைய பத்திரிகை எல்லாம் திறம் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் சீத்துவம் இதுதான், செலவு மட்டும் கூட. அமெரிக்காவின் 'கோல்ஃப் டைஜஸ்ட்' 1966இல் முதல் பட்டியலைப் போட்டபோது எடுத்துக்கொண்டது மிகக் கடினமான 200 மைதானங்களை. கடினம் என்றால் சிறப்பு என்ற எண்ணம் அப்படித்தான் பரவியது. பிறகு 'மிகச்சிறந்த 100' என்று மாற்றிக்கொண்டார்கள். ஆனால் பட்டியல் என்ற நோய் போகவில்லை. இடம் பிடிப்பதற்காகவே கோடிக்கணக்கில் கொட்டி மைதானங்களைக் கிண்டுகிற கிளப்புகள் உண்டு. மதிப்பெண் போடுகிறவரை அழைத்து உபசரிப்பதும் கிளப்தான். சாப்பாடு போட்டவர் வீட்டுக் கறியில் உப்பில்லை என்று யார் எழுதுவார்?

அகஸ்டாவை எடுங்கள். அங்கே வருடாவருடம் நடக்கிற மாஸ்டர்ஸ் போட்டியை ஒளிபரப்புகிற சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1966இல் ஜாக் விட்டேக்கர் என்ற வர்ணனையாளர் பார்வையாளர் கூட்டத்தைக் கும்பல் என்று சொல்லிவிட்டார். கிளப்புக்கு அது பிடிக்கவில்லை, அடுத்த சில வருடங்கள் அவருக்கு அங்கே வேலையில்லை. 1994இல் கேரி மெக்கோர்ட், கிரீன்கள் எவ்வளவு வழுக்குகின்றன என்பதைச் சொல்ல ஒரு பகடி விட்டார். அடுத்த வருடம் அவரும் இல்லை. இத்தனைக்கும் மெக்கோர்ட் பேசியது புல்லைப் பற்றி! விளைவு என்னவென்றால் வருடா வருடம் ஏப்ரலில் உலகம் முழுக்கப் பார்ப்பது விமர்சனமே இல்லாத ஒரு பச்சை. அந்தப் பச்சைக்குப் பின்னால் கிரீன்களுக்கு அடியில் குழாய் புதைத்து, ஈரத்தை உறிஞ்சி எடுக்கிற இயந்திரம் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கிற மற்ற ஊர்க் கிளப் தலைவர்களுக்கும் அதே பச்சை வேண்டும். வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை கொட்டுகிற கொழும்பில் மண்ணும் வேறு, புல்லும் வேறு. கடற்கரை மணலில் வடிந்து காய்ந்து, பந்து உருண்டோடுகிற ஸ்கொட்லாந்து நிலத்தின் கணக்கு இங்கே சரிவராது. இங்கே நல்ல மைதானம் என்றால் என்ன என்று இங்கே இருக்கிறவர்கள்தான் எழுத வேண்டும்.

எனக்கு மிக எரிச்சல் தருவது வேறொன்று. ஒரே நிலம் பத்திரிகையின் வெவ்வேறு பக்கங்களில் துண்டுதுண்டாகக் கிடக்கும், ஒரு பக்கம் மற்றப் பக்கத்தோடு பேசாது. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு கில் ஹான்ஸ் வடிவமைத்த மைதானம் நல்ல உதாரணம். கோல்ஃப் எழுத்தாளர்கள் மணல் விளிம்புகளைப் புகழ்ந்து தள்ளினார்கள். சுற்றாடல் நிருபர்கள் மரப்பெந்தி இயற்கை ஒதுக்கத்தில் கைவைத்ததற்கு எதிரான ஆர்ப்பாட்டங்களையும் வழக்கையும் எழுதினார்கள். இரண்டும் உண்மை. அந்த வடிவமைப்பு நன்றாக இருந்ததும் அந்த இடத்தில் கட்டியதும் ஒரே கேள்வியின் இரண்டு பாதி. சேர்த்து எழுதியவர்கள் குறைவு.

கொழும்பிலும் அதுதான். விளையாட்டுப் பக்கத்தில் கோப்பை. வணிகப் பக்கத்தில் அனுசரணை. ஞாயிறு இணைப்பில் 'கோல்ஃப் மைதானக் காட்சியுடன்' தொடர்மாடி விளம்பரம். அந்த வீட்டு யன்னலிலிருந்து தெரிகிற பச்சைக்கு விலை இருக்கிறது, அதைக் குத்தும் கோமாவும் போட்டு அச்சடிக்கிறார்கள். ஆனால் நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய வெளி மழைநாளில் எவ்வளவு தண்ணீரைக் குடிக்கிறது, அங்கே என்ன மருந்து அடிக்கிறார்கள், அது எந்த வாய்க்காலுக்குப் போகிறது என்று ஒரு கட்டுரை பார்த்ததாக நினைவில்லை. 2018இல் ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சாசனத்தின் கீழ் உலகிலேயே முதன்முதலாக 18 நகரங்களை ஈரநில நகரங்கள் என்று அங்கீகரித்தபோது அதில் கொழும்பும் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் கேட்க வேண்டிய கேள்வி இது. பதில் கிளப்புக்குச் சாதகமாகக்கூட இருக்கலாம். அந்த இடத்தில் சீமெந்துக் கட்டடங்கள் எழும்பியிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் எனக்கே பாதி மனம் மாறிவிடுகிறது.

"மக்கள் பட்டினி கிடக்க இவனுக்குக் கோல்ஃப் வடிவமைப்பு" என்று கொமென்டில் வருவீர்கள், தெரியும். அந்தக் கோபம் எனக்கும் புரியும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் கிளப்புக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற மதில் இன்னும் உயரும், அவ்வளவுதான். ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் பழைய மைதானம் இந்த விளையாட்டின் தாய்வீடு என்பார்கள். ஒருவர் உட்கார்ந்து வரைந்ததில்லை, காற்றும் ஆடும் மனிதரும் சேர்ந்து செய்தது. அது எந்தக் கிளப்பின் சொத்தும் இல்லை. ஊரின் பொது நிலம், 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. வழமையான ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டமே இல்லை. ஊர்ச்சனம் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும், பிள்ளைகள் ஓடித்திரியும். இப்படி ஒரு வழக்கம் உலகத்தில் இருக்கிறது என்று எங்கள் வாசகர்களுக்குத் தெரிந்தால்தானே, இங்கே ஏன் ஒரு காலைப்பொழுதாவது திறந்துவிடக்கூடாது என்று யாராவது கேட்பார்கள்? காலிமுகத்திடலில் ஒரு பழைய கல் நிற்கிறது. 1859இல் அந்த உலாவரும் பாதையை முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதைப் பேணும்படி தனக்குப் பின்வருகிறவர்களைக் கேட்டு நாட்டிய கல். கோல்ஃப் அங்கிருந்து போய்விட்டது, திடல் எல்லோருக்கும் மிஞ்சியது. 2022இல் மக்கள் போராட்டத்துக்கு அது எப்படிப் பயன்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே விளையாட்டுப் பக்கத்துத் தம்பி தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டிக்குப் போனால் விருந்துக் கூடாரத்தை விட்டு வெளியே வந்து ஒரு கேடியோடு பதினெட்டுத் துளையும் நடந்து பாருங்கள். எந்தக் குழி யாரை விழுத்துகிறது, எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும், எந்தக் கிரீனை எப்போது கிண்டி மாற்றினார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு உறுப்பினர்களுக்கே தெரியாது. நுவரெலியாவுக்கு அனுப்பினால் இன்னும் நல்லது. 1889இல் தொடங்கிய கிளப் அது, ஊரின் நடுவிலேயே மைதானம். அங்கே புல் வெட்டுகிறவர்களிடமும் பை தூக்குகிறவர்களிடமும் தமிழிலேயே கேட்டுவிடலாம்.